பச்சைப் பையோடு ஒரு மலை

நோர்வேயில் பெர்கன் என்று ஒரு மழை ஊர். அங்கே ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தால் வீட்டுக்குள் இருப்பது ஏறக்குறைய குற்றம். தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு தோடம்பழம், ஒரு சொக்லேட். இவ்வளவோடு ஊர் முழுவதும் மலைக்குப் போய்விடும். மீன் தொழிற்சாலையில் வாரம் முழுக்க நின்று வேலை செய்கிற நான் ஞாயிற்றுக்கிழமையும் எதற்காக நடக்கவேண்டும் என்று முதல் இரண்டு வருடம் வாதாடிப் பார்த்தேன். மூன்றாம் வருடம் நானும் மலைச் சப்பாத்து வாங்கினேன். என் மகள் அனிதாவுக்கு இந்த வாதாட்டம் ஒன்றும் தெரியாது. அவள் அங்கேயே பிறந்தவள், நடை பழகியதே மலையில்தான்.

இந்தப் பழக்கத்தைக் கொழும்புக்கும் கொண்டுவந்ததுதான் நாங்கள் விட்ட பிழை.

வந்தது ஒரு கலியாணத்துக்கு. தொண்ணூறுகளின் பின்பாதி அது. யாழ்ப்பாணத்தில் நடந்திருக்கவேண்டிய எங்கள் பெரியம்மா மகளின் கலியாணம், சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தபடியால் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இருந்தபடியே மணிக்கூட்டைப் பார்த்தார்கள். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதுதான் எல்லோருடைய முகத்திலும் எழுதியிருந்தது. நான் மட்டும் ஆறுதலாக இருந்து மூன்று கப் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். அடுத்த நாள் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

தங்கியது என் ஒரே அக்காவின் ஃபிளாட்டில். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை, அதில் மூன்றாம் மாடி. அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் கனடா போய்விட்டார்கள். வீட்டில் அக்காவும் அத்தானும் மட்டும்தான். யன்னலைத் திறந்தால் கடல் தெரியும். ஆனால் யன்னலைத் திறப்பதில்லை. தெருவில் ஒரு ஓட்டோ சத்தம் போட்டு நின்றாலும் அக்கா முதலில் பார்ப்பது அத்தானின் முகத்தை.

அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் மனேஜர். ஐம்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, நல்ல பகிடிக்காரர். பெயர் தில்லையம்பலம். சென்றி என்கிற சோதனைச் சாவடியில் நிற்கிற ஆமிக்காரப் பொடியன்களின் வாய்க்குள் அந்தப் பெயர் அடங்காது. அக்காவின் வாய்க்குள்ளும் அடங்காது, அதற்குக் காரணம் வேறு. கணவன் பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று எங்கள் அம்மா சொல்லி வளர்த்ததை அக்கா இன்றைக்கும் கைவிடவில்லை. கோயிலில் தேவாரம் பாடும்போது ‘தில்லை’ என்ற சொல் வருகிற இடத்தில் அக்கா இருமுவாள். இருபத்தாறு வருடமாக அவருக்கு அவள் வைத்திருக்கிற பெயர் ‘இஞ்சேருங்கோ’.

நாங்கள் வந்திறங்கிய அன்று பொலிஸில் பதியப் போனபோதும் இதே கூத்துத்தான். கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுக்கு யார் வந்து தங்கினாலும் பதியவேண்டும். மேசையில் இருந்தவர் சிங்களத்தில் “கணவரின் பெயர்?” என்று கேட்டார். பொரளையில் ஒரு கந்தோரில் இருபது வருடம் கிளாக்காக இருந்த அக்கா, சிங்களம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிற அக்கா, வாயை மூடிக்கொண்டு என் விலாவில் முழங்கையால் இடித்தாள். நான்தான் சொன்னேன்.

அந்தப் பதிவுப் பத்திரம் உடனே அத்தானின் பச்சைப் பைக்குள் போனது. உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவில் ஒரு றெக்சின் பை, சிப் வைத்தது. அக்காவின் அடையாள அட்டை, தன்னுடையது, பதிவுப் பத்திரம் எல்லாம் அதற்குள்தான். எங்கள் இரண்டு கடவுச்சீட்டையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். “ஆளுக்கொண்டு வைச்சிருந்தால் ஒண்டு துலையும். ஒரு இடத்திலை இருந்தால் ஒண்டும் துலையாது” என்றார். போகிற இடமெல்லாம் சிப்பைத் திறந்து விரலால் எண்ணுவார். ஐந்து.

ஏன் இப்படி என்று கலியாணத்துக்கு மறுநாள் காலை அக்கா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். முந்தின வருடம் நகரத்தில் ஒரு குண்டு வெடித்த பிறகு, ஒழுங்கையைச் சுற்றி வளைத்து ஆம்பிளைகளைக் கொண்டுபோயிருக்கிறார்கள். அத்தானின் அட்டை அன்றைக்குக் கடை மேசை லாச்சிக்குள். இருபத்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். அடித்தார்களா என்று அக்கா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது தானாகச் சொன்னாராம். விடிய விசில் ஊதி எழுப்புவார்கள். பிறகு ஒருவன் பட்டியலைப் பார்த்துப் பெயர்களைக் கத்தி வாசிப்பான். பெயர் வந்தவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழும்பி முன்னுக்குப் போகவேண்டும்.

“இப்பவும் ரேடியோவிலை ஆரும் பேர் வாசிச்சால் எழும்பி மற்ற அறைக்குப் போயிடுவார்” என்றாள் அக்கா. துருவலைச் சட்டியில் போட்டாள். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் மகள் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, “பெரியப்பா, இஞ்சை பக்கத்திலை மலை இருக்கு. ஞாயிற்றுக்கிழமை போவமா?” என்று கேட்டாள். ஐந்து நாளாக ஒரு வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளை. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். தொண்டைதான் கட்டியிருந்தது, தலையை ஆட்டவாவது முடிந்திருக்கும். நானும் ஆசையோடு அத்தானைத்தான் பார்த்தேன்.

அத்தான் அனிதாவைக் கனநேரம் பார்த்தார். “போவம்” என்றார். அக்காவின் கையில் இருந்த கோப்பை மேசையில் டங்கென்று வந்து இருந்தது.

சனிக்கிழமை முழுவதும் அத்தான் சட்டம் போட்டார். பொட்டு வேண்டாம். சேலை வேண்டாம், அக்கா பாவாடை சட்டை போடட்டும். வீட்டை விட்டு இறங்கினால் திரும்பி வரும்வரை சத்தமாகத் தமிழ் கதைக்கக்கூடாது. கதைக்கவேண்டி வந்தால் அக்கா சிங்களத்தில் கதைப்பாள். “தேவி, உமக்குத் தொண்டை கட்டினது நல்லதாப் போச்சு. கடவுள் பாத்துச் செய்தது” என்றார் என்னிடம். அனிதாவுக்குச் சட்டமே தேவைப்படவில்லை. கொஞ்சம் பதறினாலே அவளுக்குத் தமிழ் ஓடிப்போய் நோர்வேமொழிதான் வரும்.

சாப்பாட்டிலும் சட்டம். கட்டுச்சோறு கூடாது, மணம் ஊரைக் கூட்டும். மாலு பான் வாங்கிக்கொண்டு போவோம் என்றார். மீன் வைத்த அந்தப் பணிஸ் எந்த இனத்துக்கும் பொது. அக்கா சரி சரி என்று தலையாட்டினாள்.

ஞாயிறு விடியக் கோட்டை ஸ்டேஷன் வாசலிலேயே முதல் வரிசை. அத்தான் பச்சைப் பையைத் திறந்து ஐந்தையும் நீட்டினார். மீசை சரியாக முளைக்காத ஒரு பொடியன், துவக்கு அவனைவிடப் பெரிது, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கள் கடவுச்சீட்டைக் கண்டதும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றான். அத்தானின் அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் மறுபடி குனிந்தான். எங்கே, எதற்கு, எப்போது திரும்புவது. அக்கா சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். அக்காவின் அட்டையை அவன் அக்காவின் கையிலேயே கொடுத்தான், மற்றவற்றை அத்தானிடம் கொடுத்தான். பின்னால் நின்ற சனம் தள்ள, நாங்கள் மேடைக்கு ஓடினோம்.

ரயிலில் நாங்கள் நால்வரும் ஊமைகள். எதிரில் இருந்த ஒரு சிங்கள அம்மா மடியில் றம்புட்டான் பழங்களை வைத்து உரித்து உரித்து அனிதாவுக்கு நீட்டினார். அனிதா நோர்வேமொழியில் நன்றி சொன்னாள். அந்த அம்மாவுக்கு ஆச்சரியம். “பிள்ளை என்ன ஜப்பானா?” என்று அக்காவைக் கேட்டார். “நோர்வே” என்றாள் அக்கா. அந்தப் பெட்டி முழுவதற்கும் ஒரு நிமிடத்தில் செய்தி பரவியது. எங்கள் நாலு பேரையும் நோர்வேக்காரராக்கிவிட்டார்கள். அத்தானின் நிறத்தில் ஒரு நோர்வேக்காரரை அந்த நாட்டு அரசன்கூடக் கண்டிருக்கமாட்டான். வடைக்காரன் வந்தான். இறால் பதித்த வடை, சூடு. அத்தான் ஐந்து வாங்கினார். நாலு பேருக்கு ஏன் ஐந்து என்று நான் கண்ணால் கேட்டேன். “எண்ணிப் பழகிப்போச்சு” என்று காதுக்குள் சொன்னார்.

இறங்கிய ஸ்டேஷன் கைக்குட்டை அளவு. வாங்கில் இரண்டு ஊர்காவலர்கள் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் கழுத்தில் விசில் தொங்கியது. அத்தானின் அட்டையை மட்டும் வாங்கிப் பார்த்தார்கள். “ஐந்தரை ரயிலுக்கு வந்துவிடவேண்டும். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் யாரும் நடமாடக்கூடாது” என்று சொன்னார்கள். அத்தானுக்கு முகம் வேர்த்தது. மேலே அலகல்ல மலை நின்றது. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் வெறும் பாறையாக இறங்குகிற பள்ளம்.

பெர்கனில் மலைப்பாதை தெளிவாக இருக்கும். ஐம்பது அடிக்கு ஒரு கல்லில் சிவப்பு மையால் அடையாளம் போட்டிருப்பார்கள். இங்கே முதல் வளைவிலேயே பாதை மூன்றாகப் பிரிந்தது. கடைசி வீட்டில் தண்ணீர் கேட்டோம். வீட்டுக்காரர் பெயர் சுமனபால. கித்துள் பனையில் ஏறிப் பதநீர் இறக்குகிறவர், இடுப்பில் வளைந்த கத்தி. அவருடைய மனைவி தண்ணீர் கொண்டுவரப் போய்த் தேத்தண்ணீரோடு வந்தார். சீனிக்குப் பதில் ஒவ்வொரு கோப்பையோடும் ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டி. அதைக் கடித்துக் கடித்துக் குடிக்கவேண்டும். கட்டிய தொண்டைக்கு அது அமிர்தம்.

“புதியவர்கள் தனியப் போகவேண்டாம். மத்தியானம் புகார் இறங்கும், முன்னால் நிற்கிற ஆளைக்கூடத் தெரியாது. அந்தப் பக்கம் பள்ளம்” என்று சுமனபால தானாகவே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எங்களோடு வந்தார். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் பூசச் சவர்க்காரத் துண்டும் தந்தார்.

“இவன் ஏன் வாறான்?” அத்தான் என் காதுக்குள் கேட்டார். “கேக்காமல் ஏன் வாறான்? கத்தியும் வைச்சிருக்கிறான்.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கும் அந்தக் கத்தியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. பயம் அப்படித்தான், அம்மைபோல ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும்.

தேயிலை முடிந்து மானாப் புல் தொடங்கியது. தலைக்கு மேல் உயரம், விளிம்பு கையை அறுக்கும். அட்டைகளுக்குச் சவர்க்காரம் ஒரு பொருட்டே இல்லை. அனிதா தன் காலில் ஏறியவற்றை நோர்வேமொழியில் எண்ணிக்கொண்டு வந்தாள். பெர்கனில் ஒரு வினோதம் உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் உங்களைத் திரும்பியும் பார்க்கமாட்டான், மலையில் கண்டால் எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். எங்களுக்கு இங்கே நேர்மாறு. வீட்டில் ஓயாமல் கதைக்கிற நாலு பேரும் மலையில் சத்தம் காட்டாமல் ஏறினோம்.

முக்கால்வாசியில் ஒரு தட்டைப் பாறை. இருந்து இளைப்பாறினோம். அத்தான் வழக்கம்போலச் சிப்பைத் திறந்தார். விரல் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. பிறகு சிப்பை மூடினார்.

“நீங்கள் நடவுங்கோ. நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன்” என்று மெதுவாகச் சொன்னார்.

“மூச்சு வாங்குதோ?” அக்கா கேட்டாள்.

“இல்லை, இல்லை. நீர் போம். பிள்ளை ஆசைப்பட்டு வந்தது.”

போனோம். நான் அதை இன்றுவரை நினைத்து என்னை ஏசிக்கொள்கிறேன். மலையில் ஆளைப் பிரியக்கூடாது என்பது பெர்கனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

உச்சி அழகு என்று எழுதத்தான் வேண்டும். அழகாகத்தான் இருந்தது. மேற்கே சுமனபால கையை நீட்டி “அந்தப் பக்கம் கொழும்பு” என்றார். வெளிர் நீலத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரு சென்றியும் தெரியவில்லை. அனிதா கையை விரித்துக்கொண்டு நின்றாள். அக்கா பாவாடையைச் சொருகிக்கொண்டு இருந்து பையைத் திறந்தாள். மாலு பானுக்கு அடியிலிருந்து வாழையிலைப் பார்சல் ஒன்று வெளியே வந்தது. புளிச்சோறு. சட்டத்தை மீறிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். சுமனபால ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு, “நல்ல உறைப்பு” என்று இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். அத்தானுக்கென்று ஒரு பங்கை இலையில் மூடி வைத்தாள்.

அந்தப் பங்கு அப்படியே இருந்தது. அரை மணித்தியாலம் ஆகியும் அத்தான் வரவில்லை. கீழே பார்த்தால் புகார் ஏறிக்கொண்டு வந்தது. முதலில் தேயிலை மறைந்தது, பிறகு மானாப் புல், பிறகு எங்கள் கால்.

நாங்கள் ஒருவர் பின் ஒருவராகத் தட்டைப் பாறைக்கு இறங்கினோம். பாறையில் யாரும் இல்லை. அதிலிருந்து பத்தடி தள்ளிப் பள்ளம் தொடங்குகிறது. சுமனபால குப்புறப் படுத்து விளிம்பிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். அந்த அரை நிமிடத்தில் அக்காவின் நகம் என் கைக்குள் இறங்கியது. “ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருக்கிறது” என்றார்.

நெற்றியைத் துடைக்க அக்கா கைப்பைக்குள் கையை விட்டுக் கைக்குட்டையை எடுத்தாள். அதோடு சேர்ந்து ஒரு அட்டை கீழே விழுந்தது. அக்காவின் அடையாள அட்டை.

ஸ்டேஷனில் அந்தப் பொடியன் அவளுடைய கையில் கொடுத்தது. ஓடுகிற அவசரத்தில் கைப்பைக்குள் போட்டு மறந்துபோயிருக்கிறாள். அத்தான் பாறையில் இருந்து எண்ணியபோது நாலுதான் வந்திருக்கும். அக்காவைப் பயப்படுத்தாமல் தானே தேடிக் கீழே இறங்கியிருக்கிறார். இந்தப் புகாருக்குள், புல்லைப் பிரித்துப் பிரித்து.

“ஐயோ, என்னாலைதான்” என்றாள் அக்கா. தமிழில், சத்தமாக. சுமனபால நிமிர்ந்து பார்த்தார்.

அனிதா செய்யவேண்டியதைச் செய்தாள். நோர்வேயில் பிள்ளைகளின் மலைப்பையிலேயே ஒரு விசில் கோத்திருக்கும். வழி தவறினால் நின்ற இடத்தில் நின்று ஊதவேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுப்பார்கள். அவள் கன்னம் வீங்க ஊதினாள். சுமனபால அடிவயிற்றிலிருந்து “மாத்தயா! மாத்தயா!” என்று கூப்பிட்டார். ஐயா என்று மரியாதையாகக் கூப்பிடுகிற சிங்களச் சொல். மலை அதை வாங்கி நாலு பக்கமும் திருப்பி எறிந்தது. மறுமொழி இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினோம். மறுபடி விசில், மறுபடி மாத்தயா. எங்கோ வலப்பக்கத்தில் ஒரு கல் உருண்டது. பிறகு அதுவும் நின்றது.

“ஆள் அங்கேதான். ஏன் பேசாமல் இருக்கிறார்?” என்று சுமனபால கேட்டார். மூன்றாம் தடவை கூப்பிட வாயெடுத்தார். அக்கா பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தாள்.

“கூப்பிடவேண்டாம். அவருக்குப் பயம்” என்றாள் சிங்களத்தில். பிறகு அனிதாவைப் பார்த்து, “விசிலை எடு பிள்ளை, வாயிலை இருந்து எடு” என்று கத்தினாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. புகாருக்குள் விசில் சத்தம், முன்பின் தெரியாத ஒருவன் சிங்களத்தில் கத்துகிற சத்தம். அத்தானுக்கு இதெல்லாம் அந்த இருபத்து மூன்று நாளில் கேட்டுப் பழக்கம். நாங்கள் கூப்பிடக் கூப்பிட அவர் ஒளிந்துகொண்டிருக்கிறார். இன்னும் ஒருதரம் ஊதியிருந்தால் பள்ளத்துப் பக்கமாக நகர்ந்திருப்பார்.

நான் “அத்தான்” என்று கூப்பிட்டேன். காற்றுத்தான் வந்தது. அந்த மூன்று கப் ஐஸ்கிரீமை நான் அன்றைக்குச் சபித்த மாதிரி வேறெதையும் சபித்ததில்லை. அனிதா அழத் தொடங்கியிருந்தாள். அழுகைக்கு நடுவில் வந்ததெல்லாம் நோர்வேமொழி.

“அக்கா, நீ கூப்பிடு. தமிழிலை கூப்பிடு” என்று அவள் காதுக்குள் சொன்னேன்.

“என்னெண்டு கூப்பிட?” என்றாள் அக்கா. வாயில் கையைக் குவித்து “இஞ்சேருங்கோ” என்றாள். குசினியிலிருந்து விறாந்தைக்குக் கேட்கிற அளவுக்கே பழகிய சொல் அது. பக்கத்துப் புல்லைக்கூடத் தாண்டவில்லை. இன்னொருதரம் சொன்னாள். குரல் உடைந்தது.

மணி மூன்றே கால். புகார் தடித்துக்கொண்டே வந்தது. அக்கா கண்ணை மூடினாள். கோயிலில் இருமுவதற்கு முன் மூச்சை இழுப்பாளே, அப்படி இழுத்தாள். இருமவில்லை.

“தில்லையம்பலம்!”

அவளுக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. மலை முழுவதும் அந்தப் பெயர் போய் வந்தது. “தில்லையம்பலம்! தில்லையம்பலம்!” அவள் நிறுத்தவில்லை. அந்தப் பெரிய பெயரை வாய்க்குள் அடக்கமுடியாமல் சுமனபாலவும் சேர்ந்துகொண்டு “தில்லம்பலம் மாத்தயா!” என்றார்.

வலப்பக்கம் புல் அசைந்தது. இருபதடி தள்ளி ஒரு கல்லுக்குப் பின்னாலிருந்து அத்தான் எழும்பினார்.

இரண்டு கையும் தலைக்கு மேலே. வலது கையில் பச்சைப் பை. முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லை. எங்களைப் பார்க்கவில்லை, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு அடி எண்ணி நடந்து வந்தார். முள் கிழித்துக் கையில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அனிதா அழுகையை நிறுத்திவிட்டாள்.

அக்கா புல்லை விலக்கிக்கொண்டு ஓடினாள். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கீழே இழுத்தாள். முதலில் இறங்க மறுத்தன. பிறகு இறங்கின.

“பேர் கூப்பிட்டாங்கள்” என்றார் அத்தான்.

“நான்தான் கூப்பிட்டனான்.”

“நீரோ?” அத்தான் அவளைப் பார்த்தார். “உம்மடை குரலெண்டு தெரியேல்லை.”

எப்படித் தெரியும்? இருபத்தாறு வருடத்தில் அந்தக் குரலில் அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை. உரத்துக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் வேறு ஆட்கள்.

“ஸ்டேஷனிலை இருந்தவங்கள் தேடி வாறாங்கள் எண்டு நினைச்சன்” என்றார் பிறகு, பாறையில் இருத்திப் புளிச்சோற்றைக் கையில் கொடுத்தபோது. “நீங்கள் மேலை நிக்கிறியள். நான் சத்தம் காட்டினால் உங்களிட்டையும் வருவாங்கள் எண்டு பேசாமல் இருந்தன்.” நான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சுமனபால தள்ளிப்போய் நின்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல் வெட்டினார். வெட்டவேண்டிய புல் ஒன்றும் அங்கே இல்லை. இறங்கும்போது அத்தானின் முழங்கையை அவர்தான் பிடித்துக்கொண்டு வந்தார். அத்தான் கத்தியையே பார்க்கவில்லை. வீட்டு வாசலில் அந்த மனைவி மறுபடியும் தேத்தண்ணீரோடு நின்றார். ஒரு முழுக் கருப்பட்டியை இலையில் சுற்றி அனிதாவின் கையில் வைத்தார். ஐந்தரை ரயிலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்டேஷனில் நின்றோம். அத்தான் சிப்பைத் திறந்தார். அக்கா கைப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஐந்து.

திங்கட்கிழமை யாரும் மலையைப் பற்றிக் கதைக்கவில்லை. கால் நோவுக்கு எண்ணெய் பூசினோம். அனிதா தன் அட்டைக்கடிகளைப் படம் எடுத்தாள். அந்த விசிலை அவள் தன் பையிலிருந்து அவிழ்த்துக் குப்பைக்குள் போட்டிருந்ததைப் பின்னேரம் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அத்தான் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். குசினிக்குள் அக்கா தேத்தண்ணீர் ஆற்றினாள். வாசல்பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், “தில்லையம்பலம், தேத்தண்ணி ஆறுது” என்றாள்.

விறாந்தையில் பேப்பர் சரசரவென்று விழுந்தது. எட்டிப் பார்த்தேன். அத்தான் நின்றுகொண்டிருந்தார். கைகள் நெஞ்சுவரை வந்து நின்றன. அக்கா கோப்பையைக் கொண்டுபோய் அந்தக் கைகளுக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

“அக்கா, ஆயுள் குறையும் எண்டு அம்மா சொன்னவ” என்றேன். தொண்டை கொஞ்சம் திறந்திருந்தது.

“குறையட்டும்” என்றாள் அக்கா. “இருக்கிற ஆயுளுக்கு அந்தப் பேர் என்ரை குரலிலையும் பழகட்டும்.”

புதனும் கூப்பிட்டாள், வியாழனும் கூப்பிட்டாள். காலையில் ஒருதரம் மட்டும், மருந்து கொடுக்கிற மாதிரி. புதன் எழும்பினார். வியாழன் பாதி எழும்பி இருந்தார். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விமானம். பெட்டிகளை விறாந்தைக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். பச்சைப் பையிலிருந்து எங்கள் இரண்டு கடவுச்சீட்டையும் எடுத்து அத்தான் மேசையில் வைத்துவிட்டுப் பேப்பரோடு இருந்தார். குசினியிலிருந்து அந்தப் பெயர் வந்தது. நான் அவருடைய கைகளைப் பார்த்தேன்.

அத்தான் பக்கத்தைப் புரட்டினார்.

“ஓம், வாறன்” என்றார்.